பல்விடுமைக் கட்டமைப்புகளின் திணிப்பு அதிர்வு: சொற்களைத் தேர்வது குறித்து

அன்புடையீர், வணக்கம்.

'மல்ட்டி டிகிரி ஆஃப் ஃப்ரீடம்' கொண்ட, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் தனித்தனியே நகரக்கூடிய கட்டமைப்புகளின் 'ஃபோர்ஸ்டு வைப்ரேஷன்', அதாவது புறத்தூண்டலால் நிகழும் அதிர்வு என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளில் பல, தலைப்பை மட்டும் மனத்தில் கொண்டு ஆக்கப்பட்டவையாக எனக்குத் தோன்றுகின்றன. தலைப்பில் பொருந்தும் சொல், உள்ளே சமன்பாட்டை விளக்கும் வாக்கியத்திலும் இடறாமல் நிற்க வேண்டும். ஆகவே ஒரு சிறு கணக்கைத் தமிழில் சொல்லிப் பார்த்து, எந்தச் சொல் எங்கே தடுக்கிறது என்று காண்பதே சரியான வழி என்று கருதுகிறேன்.

இரண்டு மாடிச் சட்டகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தளத்தின் நிறையும் 20,000 கிலோகிராம். ஒவ்வொரு மாடியிலும் உள்ள தூண்களின் மொத்தப் பக்கவாட்டு விறைப்பு (நகர்வை எதிர்க்கும் திறன்) மீட்டருக்கு 20,000 கிலோநியூட்டன். தளங்கள் வளையாதவை, தூண்களின் நிறை புறக்கணிக்கத்தக்கது என்று கொண்டால், கீழ்த்தளம் எவ்வளவு நகர்ந்துள்ளது, மேல்தளம் எவ்வளவு நகர்ந்துள்ளது என்ற இரண்டு எண்களைக் கொண்டே எந்த நொடியிலும் சட்டகத்தின் நிலையை முழுமையாகச் சொல்லிவிடலாம். இந்த 'இரண்டு' எதன் எண்ணிக்கை என்பதுதான் நாம் தேடும் முதற்சொல்.

பள்ளி இயற்பியலில் வாயுக்களின் இயக்கவியற் கொள்கையைப் படிக்கும்போது 'சுதந்திர இயக்கக் கூறுகள்' என்று பயின்றிருக்கிறோம். பொருள் தெளிவானதுதான். ஆனால் கட்டமைப்பியலில் இந்தச் சொல்லைத் தனியே ஆள்வதில்லை. எண்ணோடு சேர்த்து, அதையும் இன்னொரு பெயருக்கு அடையாக்கி, ஒரு பக்கத்தில் பலமுறை ஆள வேண்டியிருக்கிறது. 'இரண்டு சுதந்திர இயக்கக் கூறுகளைக் கொண்ட கட்டமைப்பு' என்று ஒவ்வொரு முறையும் எழுதினால், வாசகர் வினைச்சொல்லை அடையும் முன்பே களைத்துப்போவார். 'கட்டின்மை' என்ற பரிந்துரை சுருக்கமானது. அதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. புறத்திலிருந்து எதுவும் செயல்படாதபோது நிகழும் அதிர்வை நாம் ஏற்கெனவே 'கட்டற்ற அதிர்வு' என்கிறோம். அங்கே கட்டு என்பது புறத்தூண்டல். இங்கே கட்டு என்பது நகர்வுக்கான தளை. இரண்டும் முற்றிலும் வேறான கருத்துகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஃப்ரீ' அமைந்துவிட்டதால் அங்கே மாணவர்கள் குழம்புகிறார்கள் என்றால், அந்தக் குழப்பத்தையும் நாம் சேர்த்து இறக்குமதி செய்யத் தேவையில்லை.

'விடுமை' என்ற சொல்லை நான் ஆதரிப்பது இதனால்தான். ஒற்றைவிடுமை, இருவிடுமை, மூவிடுமை, பல்விடுமை என்று எண்ணோடு எளிதில் ஒட்டுகிறது. தொடர்ச்சியான விட்டத்தை (உத்தரத்தை) 'முடிவிலா விடுமை கொண்டது' என்று சொல்ல முடிகிறது. முப்பரிமாணச் சட்டகத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் மூன்று பெயர்ச்சிகளும் மூன்று சுழற்சிகளுமாக ஆறு விடுமைகள் என்று எழுதினால் யாருக்கும் தடுமாற்றம் வராது. புள்ளியியலில் இதே ஆங்கிலத் தொடர் வரும் இடங்களிலும் இது பொருந்தும் என்பது கூடுதல் நன்மை.

அடுத்து 'ஃபோர்ஸ்டு'. இதற்கு 'விசையுறு அதிர்வு' என்ற பரிந்துரை, ஆற்றல் இழந்து ஒடுங்கும் அலைவைக் குறிக்கும் 'தடையுறு அலைவு' என்ற பழகிய சொல்லோடு இணையாக அமைவதால் பலரைக் கவர்ந்திருக்கிறது. அதன் அழகை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அது தவறான இடத்தில் கோடு கிழிக்கிறது. நிலநடுக்கத்தின்போது தளங்களின் மீது நேரடியாக யாரும் விசையைச் செலுத்துவதில்லை. அடித்தளம் நகர்கிறது, அவ்வளவே. தளங்களின் நகர்வை அடித்தளத்தைச் சார்ந்து அளந்தால்தான், நிறையையும் நில முடுக்கத்தையும் பெருக்கி எதிர்க்குறியிட்ட தொகை, ஒரு விசையைப் போலச் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் வந்து நிற்கிறது. மறுபுறம், விசை இருந்தும் இந்த வகையில் சேராத அதிர்வும் உண்டு. 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலம், மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில் முறுக்கி முறுக்கி ஆடி விழுந்தது. அதை ஒத்ததிர்வுக்கு, அதாவது தூண்டலின் அதிர்வெண் கட்டமைப்பின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒன்றி ஆட்டம் பெருகுவதற்கு, எடுத்துக்காட்டாகச் சொல்லும் பழக்கம் பாடநூல்களில் இன்றும் இருக்கிறது. உண்மையில் அங்கே பாலத்தின் முறுக்கமே காற்றுவிசையை மாற்றி, அந்த மாற்றமே முறுக்கத்தை மேலும் வளர்த்தது. பாலம் ஆடாமல் நின்றிருந்தால் அப்படி ஏறி இறங்கும் விசையும் இருந்திருக்காது. அதற்குத் 'தற்தூண்டல் அதிர்வு' என்ற தனிப்பெயர் வேண்டும்.

கட்டமைப்பு எப்படி ஆடினாலும் ஆடாவிட்டாலும், தன் போக்கில் புறத்திலிருந்து வந்து சேர்வதுதான் இந்தத் தலைப்புக்கு உரிய தூண்டல். அந்தப் பொருள் 'திணிப்பு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. நில அசைவையும் அது உள்ளடக்குகிறது, டகோமா பாலத்தை வெளியே நிறுத்துகிறது. பள்ளிப் பாடத்தின் வழியே பழகிய 'திணிப்பு அதிர்வு' இருக்கும்போது புதுச்சொல் ஆக்குவது வீண் உழைப்பு. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். இலங்கை வழக்கில் 'மாஸ்' என்பதற்கு, 'திணிப்பு' என்பதோடு நெருங்கி ஒலிக்கும் 'திணிவு' என்பதே சொல். அங்கே 'நிறை' என்றால் எடை. ஆகவே முதன்முறை வரும் இடத்தில் 'நிறை, அதாவது இலங்கை வழக்கில் திணிவு' என்று ஒரு தொடர் சேர்ப்பது இரு நாட்டு வாசகர்களுக்கும் நாம் செய்ய வேண்டிய கடமை.

இனிக் கணக்குக்குத் திரும்புவோம். இந்த இருவிடுமைச் சட்டகத்தின் இயல்பு அதிர்வெண்கள், அதாவது தூண்டல் இன்றித் தானே ஆடும் அதிர்வெண்கள், 3.11 ஹெர்ட்ஸ், 8.14 ஹெர்ட்ஸ். முதலாவதில் இரு தளங்களும் ஒரே பக்கமாக, கீழ்த்தளம் 1 என்றால் மேல்தளம் 1.618 என்ற விகிதத்தில் நகர்கின்றன. இரண்டாவதில் கீழ்த்தளம் 1 என்றால் மேல்தளம் எதிர்ப்பக்கமாக 0.618 நகர்கிறது. இப்போது மேல்தளத்தில் ஓர் இயந்திரம் 8.14 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசை செயல்படுவது மேலே. மிகுதியாக ஆடுவதோ கீழ்த்தளம், மேல்தளத்தைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து 7.12 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால், ஆற்றல் இழப்பு இல்லாத கணக்கின்படி, இயந்திரம் நிற்கும் தளம் அசையாமல் நிற்கக் கீழ்த்தளம் மட்டும் ஆடுகிறது. ஒற்றைவிடுமையில் இதற்கு இணையான நிகழ்வே கிடையாது. இதற்கு 'எதிரொத்ததிர்வு' என்ற சொல் வந்திருக்கிறது. உச்சரிக்கச் சற்றுக் கடினமானாலும் பொருள் பிழையற்றது, ஏற்கலாம். தைப்பே 101 கட்டடத்தில் தொங்கும் 660 டன் எஃகுக் கோளம் போன்ற துணை நிறைகளின் அடிப்படையை விளக்கும்போதும் இச்சொல் தேவைப்படும்.

'மோடு' என்பதற்கு 'முறைமை' வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அது 'சிஸ்டம்' என்பதற்கும் வழிமுறைக்கும் ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருக்கிறது. 'வடிவம்' என்பதும் போதாது. மேலே கண்ட 1, 1.618 என்பது வடிவம் மட்டுமே. அந்த வடிவம், அதற்குரிய 3.11 ஹெர்ட்ஸ், அதற்குரிய ஆற்றல் இழப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே 'மோடு'. முழுமைக்குப் 'பாங்கு' என்றும், விகிதத்திற்குப் 'பாங்கு வடிவம்' என்றும் பிரித்துக்கொண்டால், பிணைந்த இரண்டு சமன்பாடுகளைத் தனித்தனி ஒற்றைவிடுமைச் சமன்பாடுகளாகப் பிரிக்கும் முறையைப் 'பாங்குப் பகுப்பாய்வு' எனலாம். அப்படிப் பிரிக்க உதவும் செங்குத்துத்தன்மைக்குப் புதுச்சொல் தேவையில்லை. இந்தச் சட்டகத்தின் தளநிறைகள் சமமாதலால் 1-ஐ 1-ஆலும், 1.618-ஐ எதிர்க்குறி 0.618-ஆலும் பெருக்கிக் கூட்டினால் சுழி வருவதைக் காட்டினாலே போதும்.

'டேம்பிங்' என்பதற்குப் பலரும் முன்மொழிந்த 'தணிப்பு' தனியே பார்த்தால் மிக நல்ல சொல். ஆனால் 'திணிப்பு அதிர்வில் தணிப்பின் பங்கு' என்று எழுதிப் பாருங்கள். ஓர் இகரக் குறி அச்சில் விடுபட்டால் பொருள் தலைகீழாகிவிடும். ஒன்று ஆற்றலை உள்ளே தருவது, மற்றது வெளியேற்றுவது. பொறியியல் நூலில் இவ்வளவு நெருங்கிய இரு சொற்கள் எதிரெதிர்ப் பொருளில் பக்கம்தோறும் வரக் கூடாது. 'தடை' என்றால் மின்தடை நினைவுக்கு வருகிறது. ஒலி ஒடுங்கியது, அலை ஒடுங்கியது என்று இயல்பாகவே சொல்கிறோம். அந்த வழியில் 'ஒடுக்கம்' என்பதை முன்வைக்கிறேன். ஒடுக்க விகிதம், ஒடுக்க அணி, ஒடுக்கி என்று தேவையான எல்லா வடிவங்களும் கிடைக்கின்றன. வேதியியலில் ஆக்சிஜனேற்றத்தின் எதிர்வினைக்கு இதே சொல் உண்டு. ஆனால் அந்த இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திக்கப்போவதில்லை.

எஞ்சியிருப்பது, ஒவ்வொரு பாங்கும் மொத்த அதிர்வில் எவ்வளவு பங்கேற்கிறது என்பதைக் காட்டும் 'மோடல் பார்ட்டிசிபேஷன் ஃபேக்டர்'. 'பாங்குப் பங்கு' என்று சுருக்கினால் நாக்கு சிக்குகிறது. 'பாங்கின் பங்களிப்புக் கெழு' நீளமானாலும் தெளிவாக இருக்கிறது. கணக்கில் சேர்த்த பாங்குகளின் பயனுறு நிறை (அந்தப் பாங்குகளில் பங்கேற்கும் நிறை) மொத்தத்தில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்று பல நாட்டு நிலநடுக்க விதிநூல்கள் கேட்பதால், களத்தில் இருக்கும் பொறியாளர்கள் இந்தச் சொல்லைத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கும். ஆகவே இதைவிடக் குறுகிய, ஆனால் 'பங்கு' என்ற வேரை விடாத ஒரு வடிவத்தை யாரேனும் தர இயலுமானால், என் பரிந்துரையை விலக்கிக்கொண்டு அதையே ஏற்பேன்.