திருமணத்துக்கு முன் முதன்முறையாக மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்: எப்படித் தயாராவது?

நெல்லைச்சீமை (செம்பூர், மும்பை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. சொந்த ஊர் திருநெல்வேலிக்குப் பக்கம். வேலை காரணமாகச் செம்பூரில் தோழிகளுடன் வாடகை வீட்டில் தங்கியிருக்கிறேன். வருகிற தை மாதம் ஊரில் திருமணம். மாப்பிள்ளை என் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். அவரும் மும்பையில்தான் வேலை பார்க்கிறார்.

எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. ஒரு மாதம் 35 நாளில் வரும், இன்னொரு முறை 45 நாளைத் தாண்டிவிடும். திருமணத்துக்குப் பின் ஓராண்டாவது குழந்தை வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்திருக்கிறோம். இதையெல்லாம் ஒரு மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் அம்மாவிடம் சொன்னபோது, "கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிரசவ டாக்டரிடம் என்ன வேலை, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்று கலங்கிவிட்டார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. போனவுடன் படுக்கச் சொல்லி உள்ளே பரிசோதிப்பார்களா? என்னென்ன கேட்பார்கள்? முகூர்த்த நாளில் மாதவிலக்கு வந்துவிடாமல் இருக்க மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள் என்கிறாள் சித்தி மகள். அது சரியா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மாட்டுங்கா செவிலி:

அன்பு மகளுக்கு, நான் மகளிர் நோய்ப் பிரிவில் செவிலியாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். உங்களைப் போலக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வந்து உட்கார்ந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்களை அதிகம் அச்சுறுத்துகிற கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உடலுறவு அனுபவம் இல்லாத, பெரிய தொந்தரவு எதுவும் இல்லாத பெண்ணுக்கு முதல் சந்திப்பில் உள்பரிசோதனை தேவைப்படுவதில்லை. பெரும்பாலும் பேச்சு, இரத்த அழுத்தம், உயரம், எடை, வேண்டுமானால் வயிற்றை மேலிருந்து தொட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். கருப்பையையும் சினைப்பையையும் பார்க்க வேண்டுமென்றால் வயிற்றின் மேலிருந்தே ஸ்கேன் எடுப்பார்கள். அதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் ஒரு மணி நேரம் முன்னதாகவே தண்ணீர் குடித்துவிட்டுச் செல்லுங்கள். பிறப்புறுப்பின் வழியாக எடுக்கும் ஸ்கேன் உங்களுக்கு வேண்டாம். எந்தப் பரிசோதனையாக இருந்தாலும், அது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சம்மதிக்கவும், இன்று வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவர் ஆணாக இருந்தால் பெண் உதவியாளர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

"உடலுறவு அனுபவம் உண்டா" என்று மருத்துவர் கட்டாயம் கேட்பார். எந்தப் பரிசோதனை பொருந்தும், எது பொருந்தாது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது; அதற்காகத்தான் கேட்கிறார், உங்கள் ஒழுக்கத்தை எடைபோடுவதற்காக அல்ல. பதில் எதுவாக இருந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் ஆட்கள் நிற்கும் வரவேற்பு மேசையில் இந்தக் கேள்வி வந்தால், "அதை மருத்துவரிடமே சொல்கிறேன்" என்று சொன்னால் போதும்.

கடந்த ஆறு மாத மாதவிலக்குத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை நாள் நீடித்தது, எவ்வளவு வலி இருந்தது, கட்டி கட்டியாகப் போனதா என்பதும் அதில் இருக்கட்டும். முகப்பரு, மோவாயில் முடி வளர்வது, திடீர் எடை கூடுதல் இருந்தால் அதையும் குறியுங்கள். சாப்பிடும் மருந்துகளின் அட்டைகளை அப்படியே எடுத்துச் செல்வது நல்லது. ஏனெனில் பருவுக்குத் தோல் மருத்துவர் தரும் ஐசோட்ரெட்டினோயின், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் போன்றவை கருவைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியவை. ஒற்றைத் தலைவலி வருமானால், வலிக்கு முன் கண்ணெதிரே மின்னல் போலவோ வளைவுக் கோடுகள் போலவோ தெரிகிறதா என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறைந்து காலிலோ நுரையீரலிலோ அடைப்பு ஏற்பட்டதா, சர்க்கரை, தைராய்டு, மார்பகப் புற்றுநோய் உண்டா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கைப் பொறுத்தவரை 21 முதல் 35 நாள் இடைவெளி இயல்பு. உங்களுடையது அடிக்கடி அதைத் தாண்டுவதால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்) பரிசோதனைகளும் ஸ்கேனும் எழுதித் தர வாய்ப்பு அதிகம். ஸ்கேன் அறிக்கையில் "நீர்க்கட்டி" என்று வந்தால் உடனே கலங்க வேண்டாம். அவை அறுத்து எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல, முதிராமல் நின்றுபோன சிறு கருமுட்டைப் பைகள். மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் சுரப்பு (ஹார்மோன்) மிகுதி, ஸ்கேனில் தெரியும் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான், அதுவும் தைராய்டு போன்ற பிற காரணங்களை விலக்கிய பிறகுதான், அதைச் சினைப்பை நீர்க்கட்டி நோய் (பி.சி.ஓ.எஸ்.) என்று முடிவு செய்வார்கள். "உனக்குக் குழந்தை பிறக்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; சிகிச்சையுடன் பெரும்பாலான பெண்கள் கருத்தரிக்கிறார்கள்.

இனி முகூர்த்த நாள் மாத்திரை. கடையில் நேராக வாங்குவது நோரெதிஸ்டிரோன் மாத்திரையாகத்தான் இருக்கும். மாதவிலக்கு வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பாக அதைத் தொடங்க வேண்டும். உங்களுக்கு வரவேண்டிய நாள் எது என்பதே நிச்சயமில்லாதபோது எந்த நாளைக் கணக்கில் வைத்துத் தொடங்குவீர்கள்? அது மட்டுமன்று, நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வந்துவிடும், அதாவது மறுவீடு, விருந்து என்று அலைகிற நாட்களில். இதைவிட முக்கியமானது, இந்த மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல என்பது. அதை நம்பியிருந்துவிட்டு முதல் மாதமே நாள் தள்ளிப்போய் அழுதுகொண்டு வந்த புதுமணப் பெண்கள் உண்டு.

உங்களுக்கு ஓராண்டு இடைவெளியும் வேண்டும், மாதவிலக்கும் ஒழுங்காக வேண்டும், முகூர்த்த நாளும் தப்ப வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்து மருத்துவரிடம் சொன்னால், தினசரிக் கருத்தடை மாத்திரை உங்களுக்கு ஏற்றதா என்று பார்ப்பார். உயர் இரத்த அழுத்தம், இரத்த உறைவு, நான் சொன்ன கண்மின்னல் தலைவலி ஆகியவை இருந்தால் அது கூடாது. ஏற்றதாக இருந்தால் திருமணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, மாதவிலக்கின் முதல் நாளில் தொடங்கச் சொல்வார். முதல் மாதங்களில் வரும் குமட்டலும் இடையிடையே படும் கறையும் திருமணத்துக்குள் அடங்கிவிடும். முகூர்த்தம் வரும் மாதத்தில், ஓர் அட்டை முடிந்ததும் வழக்கமாக விடும் ஏழு நாள் இடைவெளியை விடாமல் அடுத்த அட்டையைத் தொடரச் சொல்லலாம். மாதவிலக்கு தானாகத் தள்ளிப்போகும். ஆகவே ஐப்பசிக்குள் போய்விடுங்கள். மார்கழிக் கடைசியில் போனால் மருத்துவருக்கும் வேறு வழி இராது.

பரேல் ஆய்வகத்தான்:

சகோதரிக்கு வணக்கம். நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். செவிலி அம்மா தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன். மாப்பிள்ளை உறவுக்காரர் என்பதால் இது உங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும்.

தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறையின் கூறு ஒருவரிடம் இருந்தாலும் அவர் நோயின்றி நன்றாகவே இருப்பார். இலேசான சோகை தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் கணவன், மனைவி இருவரிடமும் அது இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடுமையான நோயுடன் குழந்தை பிறக்கலாம். அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஒரே குடும்பக் கிளையில் வந்த இருவரிடமும் ஒரே குறை இருக்க வாய்ப்பு கூடுதல். சொந்த மாமன் மகன், அத்தை மகளுக்குள் திருமணம் நடந்தால், பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு மற்றவர்களுக்கு உள்ளதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. உங்கள் உறவு இன்னும் ஒரு படி தள்ளியது என்பதால் அதைவிடக் குறைவு. பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பரிசோதிக்காமல் விடவும் கூடாது.

இரத்த அணுக்கள் எண்ணிக்கையுடன் எச்.பி.எல்.சி. முறையில் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் முறை) ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்; கூறு உள்ளவர்களிடம் அது பொதுவாகக் கூடியிருக்கும். இரும்புச்சத்துக் குறைவாக இருந்தால் ஏ2 அளவு தவறாகக் குறைந்து காட்டலாம் என்பதால் உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அவரும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். பெண் மட்டும் ஊசி குத்திக்கொண்டு வருவதில் பொருளில்லை. இருவருக்கும் கூறு இருப்பது தெரிந்தால் மரபியல் ஆலோசனை பெறுங்கள். பரேலில் கே.இ.எம். மருத்துவமனை வளாகத்திலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோயெதிர்ப்பு, குருதியியல் நிறுவனம் இயங்குகிறது. இத்தகைய இரத்தக் குறைகள் அவர்களுடைய முக்கியத் துறை.

இரத்த வகை, ஆர்எச் காரணி, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். கர்ப்பத்தில் வந்தால் கருவைப் பாதிக்கும் ருபெல்லா அம்மைக்கு எதிர்ப்பாற்றல் இல்லையென்றால் தடுப்பூசியை இப்போதே போடுங்கள். போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பதால் திருமணத்துக்கு முந்தைய காலமே அதற்கு வசதியானது.

முலுண்ட் அம்மா:

நான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். உங்கள் அம்மாவின் இடத்திலிருந்து எழுதுகிறேன். அவரை ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். ஊரிலிருந்து ஒரு வாரம் வரவழைத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். குடும்ப நோய்கள் பற்றிய கேள்விக்கு அவரால்தான் பதில் சொல்ல முடியும்; பிரசவம் பார்க்கும் இடம் மட்டுமல்ல அது என்பது நேரில் கண்டால்தான் அவருக்கும் விளங்கும். ஆனால் பாதி நேரமாவது அவரை வெளியே இருக்கச் சொல்லி நீங்கள் தனியாகப் பேச வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்தால் கருத்தடை பற்றிக் கேட்க எந்தப் பெண்ணுக்கும் நா எழாது.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசியையும் மறக்காமல் கேளுங்கள். உடலுறவு தொடங்கும் முன் போட்டால்தான் முழுப் பயன். உங்கள் வயதில் ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசிகள். முகூர்த்தத்துக்குள் முடியாவிட்டாலும் முதலிரண்டைப் போட்டுவிட்டு மூன்றாவதைப் பிறகு போடலாம்.

முதல் நாட்களில் வலி, எரிச்சலுடன் சிறுநீர் ஆகியவை புதுமணப் பெண்கள் பலருக்கும் வருவதுதான். உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பதும் நிறையத் தண்ணீர் குடிப்பதும் உதவும். எரிச்சல் இரண்டு நாளில் அடங்காவிட்டாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். தாங்க முடியாத வலி தொடர்ந்தால் அதைப் பொறுத்துக்கொள்வது மனைவியின் கடமை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

நெல்லைச்சீமை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அவரிடம் பேசினேன், தானும் இரத்தம் கொடுக்கிறேன் என்று உடனே சொல்லிவிட்டார். ஆனால் செய்தி எப்படியோ அவருடைய பெரியம்மாவுக்குப் போய், "டாக்டரிடம் போவதுதான் போகிறாள், பெண் நல்லபடியாக இருக்கிறாள் என்று ஒரு சர்டிபிகேட்டும் வாங்கி அனுப்பட்டும்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் எதைக் கேட்கிறார் என்பது எங்களுக்குப் புரிகிறது. அம்மா இரவெல்லாம் தூங்கவில்லை. இப்படி ஒன்றை மருத்துவர் தருவாரா?

மாட்டுங்கா செவிலி:

தர மாட்டார்; தரவும் முடியாது. கன்னித்தன்மையைக் கண்டறியும் பரிசோதனை என்று மருத்துவத்தில் ஒன்று இல்லை. கன்னிச்சவ்வு ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு வடிவில் இருக்கும். அதைப் பார்த்து உடலுறவு நடந்ததா, இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, அதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் 2018இல் கூட்டாக அறிவித்தன. பாலியல் வன்கொடுமை வழக்குகளில்கூட இரு விரல் பரிசோதனை (பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்ப்பது) கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. வழக்கிலேயே கூடாதென்றால், ஒரு பெரியம்மாவின் ஐயத்துக்கு எப்படிச் செய்ய முடியும்? இதை நீங்களோ உங்கள் அம்மாவோ சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளையே தன் வீட்டில் சொல்லட்டும்.

பரேல் ஆய்வகத்தான்:

அறிக்கைகள் உங்களுக்கு உரியவை. நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி; ஆனால் உங்கள் சம்மதமின்றி உறவினர் கைக்கு அவை போகக் கூடாது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமே தனியாக இருக்கிறது: விளக்கம் கேட்டு நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் செய்ய வேண்டும். நீங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் அறிக்கையை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள், அது நல்ல வழக்கம். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு எதையும் அனுப்பாதீர்கள். ஆய்வகத்தில் பதியும்போது உங்கள் சொந்தக் கைபேசி எண்ணையே கொடுங்கள், அறிக்கை அதற்குத்தான் வரும்.

நெல்லைச்சீமை:

அவரே பெரியம்மாவிடம் பேசிவிட்டார். அம்மா அடுத்த வாரம் வருகிறார். தனியார் மருத்துவமனையில் செலவு அதிகமாகுமோ என்று யோசிக்கிறேன். இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில் போக வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

மாட்டுங்கா செவிலி:

செலவு பொருட்டானால் சயான் மாநகராட்சி மருத்துவமனைக்குப் போகலாம். காலையிலேயே போய்ச் சிறு கட்டணத்தில் கேஸ் பேப்பர் (நோயாளிப் பதிவுச் சீட்டு) எடுத்துக்கொண்டு மகளிர் நோய்ப் பிரிவில் காத்திருக்க வேண்டும். கூட்டம் இருக்கும், தனிமை குறைவு, பயிற்சி மருத்துவர்கள் உடன் இருப்பார்கள். அவர்கள் இருப்பது உங்களுக்குச் சங்கடமானால் சொல்லலாம். தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரையும் பார்க்கச் சொல்வார்கள் என்பதால் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், வெறும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள். புரோலாக்டினுக்குத் தூங்கி எழுந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இரத்தம் கொடுத்தவுடன் சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும். ஸ்கேன் முடியும் வரை மட்டும் சிறுநீரை அடக்கிக்கொள்ளுங்கள்.