மறுமொழி: அபின்போலி வேண்டாமே

அன்புள்ள ஐயா,

ஓபியாய்டு (அபினைப் போல வேலை செய்யும் மருந்து) என்பதற்கு 'அபின்போலி' என்று போட்டு நீங்கள் தமிழாக்கிய ஆய்வுத் தலைப்பைப் பற்றி:

> செயற்கை அபின்போலிகளின் இணையக் கிடைப்பைக் கண்காணித்தல்

இலக்கணப்படி குறை சொல்ல முடியாது. பந்தல் பந்தர் ஆவதைப் 'போலி' என்று படித்தவர்கள்தானே நாம். ஆனால் இந்த வரியை மெடிக்கல் வைத்திருக்கும் என் மைத்துனரிடம் காட்டினேன். "போலி மருந்து விக்கிறாங்களா?" என்றார். அங்கேயே முடிந்தது.

போலி மாத்திரை என்பது இந்தத் துறையில் தனிச் சங்கதி. அமெரிக்காவில் பிடிபடும் நீல மாத்திரையில் ஒரு பக்கம் 'எம்', மறுபக்கம் '30' என்றிருக்கும். பார்வைக்கு ஆக்சிகோடோன் என்ற வலிநீக்கி, உள்ளே ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு. அதைத் தமிழில் எழுதினால் 'செயற்கை அபின்போலி கலந்த போலி' என்றாகும்!

நான் சொல்வது அபினொப்பி. அபினை ஒப்பது. (பாடம் ஒப்பிப்பது நினைவுக்கு வரும், வரட்டும்.)

'ஃபென்டனில் வகை' என்றே சுருக்கிவிடலாம் என்ற யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. 2019 மே மாதம் சீனா ஃபென்டனில் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டில் நிட்டாசீன் வகையைச் சேர்ந்த ஐசோடோநிட்டாசீன் என்ற செயற்கை ஓபியாய்டு ஐரோப்பாவில் தலைகாட்டியது. நிட்டாசீன்கள் வேதியமைப்பில் வேறு குடும்பம். 1950களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வலிநீக்கியாக உருவாக்கி, மருந்தாகக் கடைக்கே வராமல் போனவை. விற்பவர் சரக்கை மாற்றிக்கொண்டே இருப்பார். நம் சொல் அத்தனைக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

அப்புறம், தலைப்பில் வீரியத்தை விட்டுவிட்டீர்கள். 'சக்தி வாய்ந்த' என்று போட்டால் லேகிய விளம்பரம் ஆகிவிடும், 'வீரியமிக்க' போதும். பெரிய விலங்குகளை மயக்கப் பயன்படும் கார்ஃபென்டனில், மார்ஃபினைவிடச் சுமார் 10,000 மடங்கு வீரியம் உள்ளது.

'கிடைப்பு' அருமை. 'விற்பனை' என்று மாற்றச் சொல்பவர்களுக்கு: இந்த ஆய்வாளர்கள் எண்ணுவது இருள்வலைச் (டார்க் வெப்) சந்தையில் போட்டிருக்கும் விளம்பரங்களை. எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது அதில் தெரியாது. 2017 ஜூலையில் ஆல்ஃபாபே என்ற இருள்வலைச் சந்தை முடக்கப்பட்டதும் கடைக்காரர்கள் பலர் அடுத்த சந்தைக்கு நகர்ந்தார்கள். ஒரே சரக்கு இரண்டு இடத்தில் விளம்பரமாகியும் இருக்கலாம்.

'கண்காணித்தல்' மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது, போலீஸ் வாடை. 'நோட்டமிடல்' போடலாமா என்று பார்த்தேன். வீட்டை நோட்டம் விடுபவன் திருடன். இரண்டில் போலீஸ் பரவாயில்லை, உங்கள் சொல்லே இருக்கட்டும்.