பார்வோவைரஸ் பி19: நேரில் கண்டவர்கள் எழுதலாம்

கூடலூர்வாசி:
என் தங்கைக்குப் பிறவியிலேயே அரிவாள் செல் நோய் உண்டு; சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை ரத்தநோய் அது. நீலகிரிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு இது புதிதன்று. இந்தியாவில் 1952இல் முதன்முதலாகப் பதிவானதும் இம்மலைகளில்தான். வழக்கமாக எட்டில் நிற்கும் அவளுடைய ஹீமோகுளோபின் ஒரே வாரத்தில் நான்குக்கு இறங்கிவிட்டது. ரத்தம் ஏற்றுவதற்கு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கையில், மருத்துவர் ஆய்வகத் தாளில் ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) என்ற வரியில் விரலை வைத்து, “புதிய சிவப்பணுவே உருவாகவில்லை. வீட்டில் எந்தக் குழந்தைக்காவது கன்னம் சிவந்திருந்ததா?” என்று கேட்டார். அவள் மகனுக்குச் சிவந்திருந்தது. குழந்தைகளின் கன்னத்தை அப்படிச் சிவக்கவைப்பது பார்வோவைரஸ் பி19. மற்றவர்களின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், இந்த வைரஸ் எலும்பு மஜ்ஜையில் சில நாள் உற்பத்தியை நிறுத்தினாலும் வெளியே தெரிவதில்லை. இவளுடைய அணுக்களோ 10 முதல் 20 நாளிலேயே அழிந்துவிடுகின்றன. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவர் அன்றிரவு பணியில் இருந்தார் என்பதை இன்றும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆசிரியை:
இதை ரத்தநோய் உள்ளவர்களின் பிரச்சினையாக மட்டும் பேசுவதை என்னால் ஏற்க இயலவில்லை. எனக்கு ரத்தத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆயினும் ஒரு காலையில் விரல்கள் வீங்கி, சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் கரும்பலகை முன் நின்றேன். முடக்குவாதமென்றே கருதிய நிலையில், ஐஜிஎம் (அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) பரிசோதனைதான் பி19 என்று காட்டியது. வலி சில வாரங்களில் தானே அடங்கியது. கன்னம் சிவந்தபின் குழந்தையிடமிருந்து பெரும்பாலும் தொற்றாது என்பதால், யாரையும் ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

செவிலி:
ஆசிரியை சொல்வது குழந்தைகளுக்குப் பொருந்தும். கூடலூர்வாசியின் தங்கைக்குப் பொருந்தாது. சிவப்பணு உற்பத்தி நின்ற நிலையில் இருப்பவரின் உடலில் வைரஸ் மிகுந்திருப்பதால், அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றும். நான் கருவுற்றிருந்தபோது இந்த வைரஸ் தொற்றியதால் என் குழந்தையின் வயிற்றில் நீர் கோத்து, ஸ்கேன் திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடியே தொப்புள்கொடி வழியாக ரத்தம் ஏற்றினார்கள். இன்று அவள் நலமாக இருக்கிறாள். ஆகவே, இத்தகைய நோயாளியைத் தனி அறையில் வைக்கும்படி நீங்களே கேளுங்கள். கருவுற்ற உறவினர்களை அங்கே வரவிடாதீர்கள். தொடர்பு ஏற்பட்டுவிட்டால் ஐஜிஜி (முன்பு தொற்றியதைக் காட்டும் எதிர்ப்பொருள்), ஐஜிஎம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பே ஐஜிஜி இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. இல்லாதவருக்குத் தொற்று உறுதியானால், குறிப்பாக இருபது வாரத்துக்கு முன் என்றால், கருவின் மூளைத் தமனியில் ரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் சில வாரங்கள் தொடர்ந்து பார்க்க வேண்டும். இதற்குத் தடுப்பூசி இல்லை. மேலுறை இல்லாத வைரஸ் ஆதலால் சானிடைசரை மட்டும் நம்பாமல் சோப்பிட்டுக் கையைக் கழுவுங்கள்.