மறு: ‘மெல்லோயிங்’குக்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

சாலைக்காகக் கரிசல் மண்ணைச் சுண்ணாம்பும் ஃபிளை ஆஷும் (அனல்மின் நிலையச் சாம்பல்) போட்டு உறுதிப்படுத்தும்போது வரும் மெல்லோயிங் (ரோலரால் கெட்டிக்குமுன் மண்ணை உதிரவிடும் காத்திருப்பு), க்யூரிங் (கெட்டித்தபின் வலு ஏறவிடும் காத்திருப்பு) இரண்டையும் ‘முதிர்வித்தல்’ என்றே வைக்கலாம் என்ற கருத்து எனக்கு உடன்பாடில்லை. ஒரே சொல்லானால் சாலை கெடும்.

அசெட்டிலின் ஆலைக் கழிவான கார்பைடு சுண்ணாம்பை எடுத்துக்கொள்வோம். உலர்மண் எடையில் 5 விழுக்காடு கலந்து, கெட்டிப்பதற்கு உகந்த ஈரத்துக்கு மேல் 3 விழுக்காடாவது நீர் கூட்டி, ரோலரை லேசாக ஓட்டி மேற்பரப்பை மூடி, 24 முதல் 48 மணி நேரம் விடுகிறோம். (சேறாக வரும் சுண்ணாம்பின் நீரையும் கணக்கில் கழிக்க வேண்டும்.) களித்துகளில் ஒட்டிய சோடியம் போன்ற அயனிகளின் இடத்தில் கால்சியம் ஏறும், பிசுபிசுத்த கட்டி பொலபொலவென உதிரும். மறுபடி கிளறி, கட்டி முழுதும் 25 மி.மீ. சல்லடையிலும், 60 விழுக்காடாவது 4.75 மி.மீ. சல்லடையிலும் இறங்கிய பிறகே இறுதியாகக் கெட்டிக்க வேண்டும். க்யூரிங் அதற்கும் பிறகு: ஈரம் காயாமல் 7 நாள் வைத்து வலு ஏறவிடுவது.

முதல் காத்திருப்பைத் தவிர்த்து உடனே கெட்டித்தால், சுண்ணாம்பு எட்டாத கட்டிகள் உள்ளே சிக்கி, மழைக்கு உப்பி, மேல்தளத்தைப் பிளக்கும். மூடாமல் பல நாள் போட்டுவைத்தாலோ காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பைத் தின்றுவிடும்.

மெல்லோயிங்குக்கு ‘ஊறல்’ என்ற சொல் கூடாது, மண்ணின் தாங்குதிறனை அளக்கும் சி.பி.ஆர். சோதனையில் மாதிரியை 4 நாள் நீரில் வைப்பதற்கு அந்தச் சொல் தேவை. மெல்லோயிங்குக்குப் ‘பதமாதல்’, க்யூரிங்குக்கு ‘இறுகவிடல்’ என்கிறேன். கரிசல்காட்டில் ஏர் பூட்டுமுன் மண் பதமாச்சா என்று கையில் உதிர்த்துத்தான் பார்ப்பார்கள். இங்கும் சோதனை அதுவே.

---

ஐயா, ‘பதமாதல்’ எனக்கும் சம்மதம். ஆனால் வரையறையில் ‘சுண்ணாம்பு கலந்தபின்’ என்று கட்டாயம் சேருங்கள். சுண்ணாம்புச்சத்து மிகுந்த ஃபிளை ஆஷ் சாம்பல் நீர் பட்டதும் தானே இறுகத் தொடங்கும். 2 மணி நேரத்துக்குள் கெட்டிக்காவிட்டால் வலு குறையும். அதையும் பதமாகட்டும் என்று விட்டுவிட்டால் வேலை வீண். சாம்பலைப் பதமான மண்ணில்தான் கலக்க வேண்டும்.

மணிக்கணக்கை வரையறைக்குள் வைக்கவேண்டாம். மண்ணில் சல்பேட் 3000 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 3000 பங்கு) தாண்டினால், சுண்ணாம்போடு சல்பேட் வினைபுரிந்து உண்டாகி உப்பும் எட்ரிங்கைட் படிகம் கெட்டிப்பதற்கு முன்பே வளர்ந்து முடியும்படி, கூடுதல் நீரோடு ஒரு வாரம்கூட விடவேண்டி வரும். உர ஆலைக் கழிவான, சல்பேட் மிகுந்த பாஸ்போஜிப்சம் கலக்கும் இடங்களில் இதைக் கவனிக்காமல் விட்டால் சாலை மேடு தட்டும். ‘இறுகவிடல்’ பற்றி எனக்கு மறுப்பில்லை.