முதல் மனை பார்க்கப் போனபோது நடந்தது: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஊரப்பாக்கத்துக்காரன்

போன வாரம் தம்பி போன் பண்ணி, "இ.சி. சுத்தமா இருக்குண்ணே, அட்வான்ஸ் குடுத்துடலாமா?" என்றான். (இ.சி. என்றால் வில்லங்கச் சான்று, அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்.) எனக்கு உடனே மறைமலைநகர் பக்கம் பார்த்த மனைதான் ஞாபகம் வந்தது.

விற்றவர் பவர் ஏஜென்ட், அதாவது நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்து அவர் சார்பில் விற்பவர். இ.சி., பட்டா, அப்ரூவல் நகல் எல்லாம் ஃபைலாகவே கொடுத்தார். நிலத்துக்காரரைப் பார்க்கணும் என்றேன். "அவரு உடம்புக்கு முடியாம மகன் வீட்ல இருக்காரு சார். கையெழுத்து போடப்போறது நான்தானே?" என்றார். பவர் பத்திரத்தில் இருந்த முகவரியைத் தேடி நானும் அப்பாவும் போனோம். தெருமுனை மின்கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வெயிலில் வெளுத்துப்போய். பத்திரத்தில் ஒட்டியிருந்த அதே முகம். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறைவு தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக பவரும் அதோடு முடிந்தது. இறப்பு இ.சி.யில் வராது, பதிவான பத்திரம்தான் வரும். அன்று காலை எங்கள் கண்ணெதிரே ஒரு இளம் ஜோடி அதே ஏஜென்டிடம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். யார், எந்த ஊர் என்று தெரியாது. அவர்களுக்குச் சொல்ல வழியே இல்லாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

நெல்லைச் செல்வி

எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. பாளையங்கோட்டையில் அண்ணன் தம்பி இரண்டு பேர் அப்பா பெயரில் இருந்த மனையை விற்கிறார்கள். பேச்சு முடிந்து, விலையும் படிந்துவிட்டது. காபி வந்தது. தம்பிக்காரர், "அக்கா, இவங்களுக்கு சீனி கம்மியா" என்றார். அம்மா சும்மா இருக்காமல், "கூடப்பிறந்த அக்காவா?" என்று கேட்டுவிட்டார். "ஆமா, மூத்தவ நாந்தான்" என்று தட்டை வைத்தபடியே சொன்னார் அந்த அம்மா. எங்களிடம் காட்டிய காகிதத்தில் இரண்டு மகன்கள் பெயர் மட்டும்தான் இருந்தது.

"அவளுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு" என்றார் அண்ணன். செய்தது இருக்கட்டும், அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்தில் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்து என்றாலும் 1989-ல் நம் மாநிலச் சட்டமும் 2005-ல் மத்தியச் சட்டமும் மகளுக்கு உரிமை கொடுத்துவிட்டன. அக்கா தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும், இல்லை அவரும் கிரையத்தில் சேரட்டும் என்றோம். பேச்சு அங்கேயே முறிந்தது. மனையை விற்கப்போவதே அந்த அக்காவுக்கு அன்றுதான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சரவணம்பட்டி சிவா

இப்படி ஒவ்வொன்றுக்கும் பயந்தால் யாரும் மனை வாங்க முடியாது. ரெரா நம்பர் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவான எண்) இருக்கா, பேங்க் லோன் தருதா, அவ்வளவுதான் பார்க்கணும். பேங்க் வக்கீல் லீகல் பார்த்துவிடுவார். நான் அப்படித்தான் வாங்கினேன், ஒரு தொந்தரவும் இல்லை.

பத்திர எழுத்தர் மகன்

சிவா, உங்களுக்கு நல்லபடியாக முடிந்தது சந்தோஷம். ஆனால் புதிதாக வாங்குகிறவர்கள் இதை நம்பிவிடக் கூடாது. பேங்க் வக்கீல் பார்ப்பது பேங்கின் பணத்துக்காக. சார்பதிவாளரும் உரிமை யாருக்கு என்று தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை. பத்திரம் பதிவாகிவிட்டதாலேயே நிலம் உங்களுடையதாகிவிடாது.

ரெரா நம்பர் நல்லதுதான். 500 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் பதிவு செய்தே ஆகணும். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. "நாளைக்கே பாதித் தொகை கட்டுங்க" என்று அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதிதான் செல்லும். 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானது என்று சிலர் காட்டுவார்கள். மறுபடி பதிவாகும், சரி. ஆனால் வரன்முறை செய்யாமல், அதாவது அனுமதியில்லாத மனையை அரசிடம் முறைப்படுத்தாமல், வீடு கட்ட அனுமதி கிடைக்காது.

மூலப்பத்திரத்தை நகலில் பார்க்காதீர்கள், அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். கைக்கடனுக்கு எங்கேயாவது அடமானத்தில் கிடந்தால் இ.சி.யில் தெரியாமல் போகலாம், அசல் வராதபோதுதான் தெரியும். பட்டாவை மட்டும் நம்பவும் முடியாது. 1979-ல் தொடங்கிய யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) காலத்தில் ஏறிய தப்பான பெயர்களோடு இன்றும் எத்தனையோ பட்டா இருக்கிறது. புலப்படத்தை (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்துக்கொண்டு சர்வேயரோடு போய் அளந்து பாருங்கள். பட்ஜெட் போடும்போது முத்திரைத்தாள் 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தை மறக்காதீர்கள்.

என் அனுபவம் என்று கேட்டால், அப்பாவிடம் வந்த ஒருவர், மனையை அளந்ததும் எல்லைக்கல் பக்கத்து வாய்க்காலுக்குள் நிற்பதைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

திண்டிவனம் ரோடு

எல்லோரும் வாங்குகிறவர் பக்கமே பேசுகிறோம். ஒரத்தி பக்கம் நிலம் பார்க்கப் போனேன். புதிதாக நட்ட கல்லுக்கு நடுவில் ஒரு பாட்டி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "இது எங்க தாத்தாவுக்கு சர்க்காரு குடுத்த நெலம்யா, நாங்க யாருக்கும் விக்கல" என்றார். புரோக்கர் அவரை விரட்டினார். பாட்டி நகரவில்லை. சுருக்குப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய கிஸ்து (நிலவரி) ரசீதை எடுத்து என் கையில் வைத்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது.

கிராமக் கணக்கில் விசாரித்தேன். பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையை வைத்து 1892-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கியது. அந்த மக்களைத் தவிர வேறு யாருக்கு விற்றாலும் செல்லாது. வாங்கினவர் பணம் போகும் என்பது இருக்கட்டும், அந்தப் பாட்டியின் நிலம் முதலில் போகும். நான் வேண்டாம் என்று வந்துவிட்டேன், கல் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

ஊரப்பாக்கத்து அண்ணே, உங்கள் தம்பியை அ-பதிவேட்டையும் (கிராம நிலங்களின் விவரம் இருக்கும் வருவாய்த்துறைப் பதிவேடு) எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும், அதை விடாமல் படிக்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் ஆடு மாடு மேய்க்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள், புரோக்கர் கூட இல்லாத நேரத்தில்.