இத்தாலியில கியோஜ்ஜா எண்ட மீன்பிடி ஊரப் பத்தித் தெரிஞ்சாக்கள் சொல்லுங்க

கல்லடிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். என்ட தம்பி பாடோவாவில வேலை செய்யிறான், போன ஞாயிறு கியோஜ்ஜா எண்டு ஒரு ஊருக்குப் போய் வீடியோ கோல் எடுத்தான். வெனிஸ் வாவிட தெக்குப் பக்கம் கெடக்கிற ஊராம், வீட்டு வாசலோட ஓடை, ஓடை நெடுக போட் கட்டிக் கெடக்கு, வலையும் காயுது. அம்மா பாத்துட்டு "இது நம்மட பக்கம் மாதிரியெல்லோ கெடக்குகா, என்ன மாதிரிச் சனம் அதுகள்" எண்டு கேட்டுக்கொண்டே இருக்கா. நெட்டில தேடினா எல்லாரும் "சின்ன வெனிஸ்" எண்டு ஒரு வரியோட முடிச்சிடுறாங்க. வெனிஸ விட்டுட்டு அந்த ஊருக்கெண்டு ஒரு கதை இருக்கும்தானே, அதத்தான் கேக்கன்.

பாலமீன்மடு_வாவி:
நிறைய இருக்கு தங்கச்சி. முதல்ல உப்பு. அந்தக் காலத்தில கியோஜ்ஜா பணம் பாத்தது மீனால மட்டுமில்ல, சுத்திவர உப்பளம், அந்த உப்பு வட இத்தாலி முழுக்கப் போகும், அதாலதான் வெனிஸ் இந்த ஊர விடாமப் புடிச்சு வச்சிருந்தது.

பிறகு சண்டை. 1378ல ஜெனோவா எண்ட இத்தாலியத் துறைமுக நகரத்துக்கும் வெனிசுக்கும் யுத்தம் துவங்கி, 1379 ஆகஸ்ட்ல ஜெனோவாக்காரரும் பாடோவா ஆக்களும் சேந்து கியோஜ்ஜாவப் புடிச்சிட்டாங்க. வெனிசுக்கு இனி வழியில்லை எண்ட நிலைமை. சிறையில கெடந்த விட்டோர் பிசானி எண்ட தளபதிய சனம் சத்தம் போட்டு வெளிய எடுத்தது, எழுபது தாண்டின வெனிஸ் தலைவர் அந்திரேயா கொந்தாரினி தானே கப்பலில ஏறிப் போனார். இனித்தான் விசயம். வெனிஸ்காரர் கோட்டைய இடிக்கப் போகல்ல, டிசம்பர் மாதக் குளிருக்குள்ள பழைய கப்பல்களில கல்ல நிரப்பிக் கொண்டுபோய் வாய்க்கால் வாய்களில தாட்டுட்டாங்க. முகத்துவாரம் அடைபட்டா உள்ள இருக்கிறவன்ட கதி என்ன எண்டு வெள்ளத்துக்கு முகத்துவாரம் வெட்டுற நமக்கு ஆரும் சொல்லித் தரத் தேவல்ல. ஊரப் புடிச்சவங்களே ஊருக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. 1380 ஜனவரி முதலாந் திகதி வெனிஸ் தளபதி கார்லோ சேனோட கப்பல்களும் வந்து சேர, ஜெனோவாக்காரர் சாப்பாடில்லாம ஜூன்ல சரணடைஞ்சாங்க. அடுத்த வருசம் தூரின் நகரத்தில சமாதானம்.

வெனிஸ் தப்பிட்டுது, ஆனா அழிஞ்சது கியோஜ்ஜா. பக்கத்து சோத்தொமரினா தரைமட்டம், கன காலம் அங்க ஊரே எழும்பல்ல. உப்புத் தொழிலும் நொடிஞ்சு போச்சு, அதுக்குப் பிறகுதான் மீன்தான் எல்லாம் எண்டு ஆனது. இதத் தெரிஞ்சுகொண்டு "சின்ன வெனிஸ்" எண்டு சொல்ல எனக்கு மனசு வராது.

இன்னொண்டு. 14ம் நூற்றாண்டில யாக்கோப்போ தோந்தி எண்டு ஒரு டொக்டர் அந்த ஊரில வேலை செய்தவர், கடல் ஏன் ஏறுது ஏன் வத்துது எண்டு எழுதி வச்சவர். மகன் ஜொவான்னி அங்கதான் பிறந்தவர், சூரியன், சந்திரன், அஞ்சு கிரகம் எல்லாம் ஓடுற மாதிரி ஒரு மணிக்கூட 16 வருசம் மினக்கெட்டு 1364ல செய்து முடிச்சார். மூல மணிக்கூடு இப்ப இல்ல.

கல்முனை நானா:
உம்மா கேட்டது சனத்தப் பத்தியெல்லுவா, அத நான் சொல்றன். கோல்டோனி எண்ட நாடகக்காரர் வாலிப வயசில கியோஜ்ஜா கோட்டில (நீதிமன்றத்தில) வேல பாத்தவர். பிறகு 1762ல அந்த மீன்பிடிச் சனத்த வச்சே, அவங்கட பேச்சிலயே நாடகம் எழுதினார். ஆம்புளையள் கடலுக்குப் போய்ட்டாங்க, பொம்புளையள் தெருவில கதிரையப் போட்டு லேஸ் பின்னிக்கொண்டு இரிக்காங்க, கலியாணம் பேசி வச்ச ஒரு புள்ளைக்கு வேறொரு பொடியன் சுட்ட பூசணித் துண்டு வாங்கிக் குடுக்கான், அவ்வளவுதான், அதிலருந்து ஊரே அடிபட்டு கோடு வரைக்கும் போகுது. நம்மட தெருவில நடக்காத விசயமா இது?

மத்தது அங்க ஒரு தூணில வெனிஸ்ட அடையாளமான சிங்கம் சின்னதா நிக்கிது, வெனிஸ்காரங்க அதப் "பூனை" எண்டு நக்கலடிப்பாங்க, கியோஜ்ஜாக்காரனுக்கு அதக் கேட்டாக் கோவம் வரும். தம்பிட்டச் சொல்லி வைங்க. பழைய பாய்க்கப்பலில மஞ்சளும் செம்மண் கலருமா சீலையில ஒவ்வொரு குடும்பமும் தங்கட அடையாளத்தக் கீறி வச்சிருக்கும், தூரத்தில வரக்குள்ளயே ஆர்ட போட் வருது எண்டு கரையில நிக்கிறவ கண்டுக்கலாம். எனக்கு அந்த ஊரில ஆகப் புடிச்சது அதுதான்.

மெஸ்த்ரே_மட்டுநகரான்:
நான் இஞ்ச பக்கத்திலதான். மேல எழுதின ரெண்டு பேருக்கும் நன்றி, இப்பத்தய நிலைமைய நான் சொல்றன். மீன் மொத்த ஏலத்தில கூவிக் கேக்கிற பழக்கம் இல்ல, வாங்குறவர் ஏலக்காரர்ட காதுக்குள்ள விலையச் சொல்லுவார், மத்தவன் என்ன சொன்னான் எண்டு உனக்குத் தெரியாது. அது அவங்கட பரம்பரைப் பழக்கம். சில்லறை மாக்கட் செவத்தச் சீலைக்குக் கீழ நடக்கும், திங்கள்ல பூட்டு.

2023ல இருந்து நீல நண்டு பெரிய பிரச்சின. அமெரிக்கக் கரைப் பக்கத்து நண்டு, இஞ்ச பெருகி வளர்ப்பு மட்டிய உடைச்சுத் திண்டு போட்டுது. நம்ம ஊரில நண்டெண்டா குடுத்து வச்சவன், இஞ்ச மட்டி வளர்த்தவன் கடன்காரனாகிட்டான். பாக்க வயிறு எரியுது.

கல்லடிக்காரி:
எல்லாருக்கும் நன்றிகா, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், பூசணிக் கதைக்கு விழுந்து சிரிச்சா. அப்ப அவங்க நண்டே திண்ணுறல்லயா?

மெஸ்த்ரே_மட்டுநகரான்:
திம்பாங்க, அது வேற நண்டு, வாவிக்குள்ள இருக்கிற சின்னப் பச்ச நண்டு. மரப்பெட்டியில போட்டுத் தண்ணிக்குள்ள விட்டு, ஓடு கழட்டுற நேரத்தப் பாத்து நாளும் தெரிஞ்செடுப்பாங்க, பிந்தினா ஓடு திரும்ப இறுகிடும். மெத்தெண்டு இருக்கக்குள்ள முழுசாப் பொரிச்சு அப்பிடியே கடிக்கிறது. மொயேக்கே எண்டு கேட்டாத் தருவாங்க, இளவேனிலும் இலையுதிர் காலமும்தான் சீசன், விலை கூட. தம்பிய அந்த நேரம் போகச் சொல்லுங்க, பாடோவாவில இருந்து நேர பஸ் இருக்கு.