செப்டம்பர் 5 நாடகம்: சிறைக் காட்சி பற்றி

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரைப் பற்றித் தம்பி எழுதி அனுப்பிய நாடகத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கோவைக் கோட்டைத் தாக்குதல் நன்றாக வந்திருக்கிறது. மணப்பாறை லட்சுமி நாயக்கரும் தேவதானப்பட்டி பூசை நாயக்கரும் கூடிப் பேசும் இடமும் பிரமாதம். சிறைக் காட்சிதான் எனக்கு இடிக்கிறது.

விசாரணைக்கு முந்தின இரவு. தாய், மனைவி, பிள்ளைகள் கம்பிக்கு வெளியே நிற்க, நாயக்கர் நாலு பக்கத்துக்கு வசனம் பேசுகிறார். கைதட்டு விழும், சரி. போதாக்குறைக்கு சிவகங்கை ராணி வேலுநாச்சியாரும் வந்து கண் கலங்குகிறார். நாச்சியார் 1796-லேயே காலமாகிவிட்டார். நாயக்கரைத் தூக்கிலிட்டது 1801-ல். கணவரைக் காளையார்கோவிலில் பறிகொடுத்துவிட்டு 1772-ல் மகளோடு அடைக்கலம் தேடி விருப்பாச்சிக்கு வந்தவர், 1780-ல் சிவகங்கையை மீட்கப் புறப்பட்டார். அவரை முதல் காட்சிக்குக் கொண்டுபோங்கள். அங்கேதான் அவருக்கு வேலை இருக்கிறது.

அப்புறம் அந்த விசாரணை. நீதிபதி, சாட்சி, கூண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பாளையக்காரர்களைக் கம்பெனிக்காரன் விசாரித்த அழகு கயத்தாறில் தெரியும். 1799 அக்டோபர் 16. சுற்றுப்பக்கத்துப் பாளையக்காரர்களை வரவழைத்து உட்கார வைத்து, அவர்கள் கண்ணெதிரே மேஜர் பானர்மேன் கட்டபொம்மனை விசாரித்தார். அன்றைக்கே புளியமரத்தில் தூக்கு. உட்கார்ந்திருந்தவர்களைப் பயமுறுத்தத்தான் அந்த விசாரணையே.

அந்த பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில்தான் தம்பி தேடுகிற விஷயம் கிடக்கிறது. கட்டபொம்மன் எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் முறைத்துப் பார்த்தார், தூக்குமரத்துக்கு அஞ்சாமல் நடந்தார், போகிற வழியில் வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டாராம் என்று எழுதியிருக்கிறார். மரத்தடிக்கு வந்தபிறகு, கோட்டையை விட்டு வெளியே வந்ததற்காக வருந்தினாராம். தூக்கில் போட்ட கையே எழுதி வைத்தது இது! நாலு பக்க வசனம் இதற்கு உறை போடக் காணுமா?

அந்தத் தம்பிதான் ஊமைத்துரை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியவர். நாயக்கரும் அவரும் கைகோத்ததை நாடகத்தில் நீங்கள் இரண்டே வரியில் தாண்டிவிட்டீர்கள். என் யோசனை இதுதான்: சிறைக் காட்சியை எடுத்துவிட்டு, அண்ணன் கடைசியாகக் கவலைப்பட்டது தன்னைப் பற்றித்தான் என்பதை ஊமைத்துரை நாயக்கருக்குச் சொல்வதாக வையுங்கள். சைகையிலேயே. ஊமைத்துரை எப்படிப் பேசுவார் என்பதை எதிரில் நின்று சண்டை போட்ட வெள்ளைக்கார அதிகாரி வெல்ஷ் எழுதியிருக்கிறார். வைக்கோல் துணுக்குகளை இடது உள்ளங்கையில் அடுக்குவாராம், அதுதான் வெள்ளைக்காரப் படை. வலது கையால் அத்தனையையும் வழித்துத் தள்ளி, வாயால் 'விஸ்' என்று ஒரு சத்தம். அதுதான் தாக்குவதற்கு உத்தரவு. நடிக்கத் தெரிந்த பையன் ஒருவன் கிடைத்தால் போதும், மைக்கே வேண்டாம்.

நான் பினாங்கில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1802-ல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியை நாடு கடத்தியது இந்தத் தீவுக்குத்தான். வயது 15. கடைசிக் காட்சிக்கு அது வேண்டும் என்றால் தனியாக எழுதி அனுப்புகிறேன். ஏற்கெனவே இரண்டரை மணி நேர நாடகம், அதனால் வற்புறுத்தவில்லை.

நாயக்கர் வீட்டுக்குள் பேசுகிற இடங்களில் கொஞ்சம் தெலுங்கு வரட்டும். தெலுங்கு பேசுகிற நம் ஊர்க் கம்பளத்தார் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள், சினிமாத் தெலுங்கு வேண்டாம்.

உடை, ஒப்பனைச் செலவுக்கு என் பங்கைப் பொருளாளர் மாமாவுக்கு இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன். கம்பிக் கதவு செட்டுக்கு மட்டும் இன்னும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.